ஆடிக்கு வந்த வண்டி

உங்களில் பாதிப் பேருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. மீதிப் பேருக்குச் சர்க்கரை. கம்பெனி லைனில் நின்றே வயசைக் கழித்த நம் செட்டில் எனக்கு மட்டும் தனிச் சலுகையா என்ன, எனக்கு இரண்டும் இருக்கிறது. போன மாதம் நம்மில் ஒருத்தியின் பெண்ணுக்கு நிச்சயம் முடிந்த கையோடு, மாப்பிள்ளைக்கு வண்டி கொடுப்பதா, கார் கொடுப்பதா என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோமே, அப்போது நான் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனேன். சர்க்கரை மயக்கம் என்று நினைத்துக்கொண்டீர்கள். அது இல்லை. நேரில் சொல்ல வாய் வராது என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. தொண்ணூற்றொன்றாம் வருஷம். அந்த மே மாதக் குண்டுவெடிப்பில் நம் ஸ்ரீபெரும்புதூரின் பேர் உலகத்துக்கே தெரிந்துபோனது. அதைப் பற்றிச் சொல்லாதவர்கள் இல்லை. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு வந்த ஆடி மாதம்.

அப்போது ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு டீக்கடையும் ஒரு புளியமரமும்தான். எங்கள் வீடு அங்கிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கால்வாய் ஓரம். இப்போது அந்த இடத்தில் ஒரு கம்பெனியின் குடோன் நிற்கிறது. சுற்றுச்சுவருக்குள் எது எங்கள் சமையலறை, எது கிணறு என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. அப்பாவுக்குக் கொஞ்சம் நிலமும் ஓர் ஆயில் என்ஜினும் இருந்தன. கருக்கலில் அந்த என்ஜின் டுப் டுப் என்று கிளம்பினால்தான் எங்களுக்கு விடிந்தது என்று அர்த்தம். என்ஜினில் எது கெட்டாலும் அப்பா வெளியாளைக் கூப்பிட மாட்டார். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க, எண்ணெய் ஊற்ற, பெல்ட்டைப் பிடிக்க அக்காதான் போவாள்.

அக்காவுக்குப் பத்தொன்பது. பத்தாவது வரை படித்தவள். இரண்டு விரலை வாயில் வைத்து அவள் விசில் அடித்தால் கம்புக் கொல்லையில் இறங்கிய கிளிக்கூட்டம் மொத்தமும் பச்சையாக எழும்பிப் போகும். சைக்கிள் செயின் கழன்றால் தெருப் பிள்ளைகள் அவளிடம்தான் வருவார்கள். அந்த மாசியில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தக் கரையில் ஒரு கிராமம். பையன் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை. முறைப்படி அவரை நான் மாமா என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை அவருக்குச் செலவழிக்க எனக்கு மனசு வரவில்லை. அப்பா கூப்பிட்டபடி மாப்பிள்ளை என்றே எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் என்பது பேச்சு. கல்யாணத்துக்கு முந்தின வாரமே அது எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. சிவப்பு வண்டி, சீட்டில் பாலித்தீன் தாள் பிரிக்காமல். புது ரப்பரும் பெயின்டும் சேர்ந்த அந்த வாசனை வீட்டுக்குள் வரை வந்தது. அதற்காகக் கறவை மாடு இரண்டும் போயிருந்தன. கட்டுத்தறி மட்டும் நின்றது. அப்பா வண்டியின் மேல் யாரையும் உட்காரவிடவில்லை, தானும் உட்காரவில்லை. ஈரத்துணியால் துடைப்பார், காய்ந்த துணியால் துடைப்பார், தள்ளி நின்று பார்ப்பார்.

ஆடி பிறந்த வாரம் அந்த வண்டியிலேயே மாப்பிள்ளை அக்காவைக் கொண்டுவந்து இறக்கினார். புதுப் பெண் ஆடிக்குத் தாய் வீடு வருவது வழக்கம்தானே. அம்மா ஓடிப்போய் ஆரத்தி கரைத்தாள். மாப்பிள்ளை வாசலைத் தாண்டவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டு, அடியில் கையைக் காட்டினார். எஞ்சினின் அடியிலிருந்து கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பின் டயர் முழுக்க எண்ணெய். அக்காவின் புடவைக் கரையும் எண்ணெய்.

"வண்டி ஒழுகுது மாமா. பாத்து வாங்கலியா நீங்க?"

"புது வண்டிதானே மாப்ள, எப்டி..."

"அதான் நானும் கேக்கறேன். சரி பண்ணி வெச்சிட்டு சொல்லி அனுப்புங்க. வந்து ரெண்டையும் இட்டுனு போறேன்."

தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், பஸ் பிடிக்க ரோட்டைப் பார்த்து நடந்துவிட்டார். ரெண்டு பேரையும் என்று சொல்ல முடியாது, வண்டி ஆள் இல்லை. ரெண்டையும் என்றார். அந்தச் சொல் எனக்கு உறுத்தியது. பெரியவர்கள் யாரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. ஆரத்தித் தட்டை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா அதை வண்டிச் சக்கரத்தின் ஓரம் ஊற்றினாள்.

ஊருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆடிக்கு வந்துட்டியாம்மா, இளைச்சிட்டியே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆடி மாதம் ஒரு போர்வை மாதிரி எங்களை மூடிக்கொண்டது. அதற்குள் வண்டியைச் சரி செய்துவிட வேண்டும், ஆவணி பிறந்தும் பெண் இங்கேயே இருந்தால் ஊர் வாயை மூட முடியாது என்பதுதான் அப்பாவின் கணக்கு.

அம்மா ஒரு பழைய அலுமினியத் தட்டை வண்டிக்கு அடியில் வைத்தாள். கோழிகள் அதைக் கவிழ்த்துவிட்டு நடந்தன. சாணி மெழுகிய வாசலெங்கும் கறுப்புக் கோழிக்கால் கோலம். வெந்தயம் தீய்ந்தது போல ஒரு வாடை, சோற்றில்கூட வந்தது.

அக்காவின் வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. கஞ்சி வடிக்கும்போது கொட்டிவிட்டது என்றாள். அவளுக்குத் தலை பின்னுவதும், குளிக்கும்போது தண்ணீர் மொண்டு ஊற்றுவதும் என் வேலை ஆனது. பம்ப்செட் தொட்டியில் ஒரு நாள் துணியை அவிழ்த்தேன். உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம். பாட்டில் மூடியைக் காய்ச்சி வைத்து அழுத்தியது போல, ஓரம் மட்டும் ஆழமாக. அதைச் சுற்றிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. ரேகைகளில் கறுப்பு ஏறி, தேய்த்தும் போகவில்லை. கஞ்சி கொட்டினால் வட்டமாகவா கொட்டும் என்று கேட்டேன். அவள் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை வண்டிக்குத் தானே ஆயில் மாற்றியிருக்கிறார். அடியிலிருக்கும் போல்ட்டைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடித்துவிட்டு, போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது, ஸ்பேனர் பிடியில் ஒரு இரும்புப் பைப்பைச் செருகி நெம்பியிருக்கிறார். பக்கத்தில் நின்ற அக்கா, போதும், ரொம்ப முறுக்காதீங்க என்று சொன்னாளாம். அப்பாவோடு என்ஜினில் வேலை செய்தவள், எவ்வளவு பொறுக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதைக் கேட்டதும் அவர் இன்னும் ஒரு இழுப்பு இழுத்தார். உள்ளே ஏதோ மெத்தென்று விட்டுக்கொடுத்தது. ஒன்றுமில்லாதது போலப் புது எண்ணெயை ஊற்றி, எஞ்சினைக் கிளப்பி, சூடேற விட்டார். சூடேறியதும் போல்ட் ஓரமாக எண்ணெய் வடிந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடி முறுக்கப் போனார். ஓட்டையின் உள்ளே வெட்டியிருந்த மரையெல்லாம் உரிந்து, போல்ட்டைச் சுற்றிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. எண்ணெய் கொட்டியது.

"அடைச்சிக்கோ" என்றாராம். அவள் குந்தி உட்கார்ந்து ஓட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அவர் துணி எடுக்க உள்ளே போனார். உள்ளே அவர் அம்மா என்னவென்று கேட்க, கடைக்காரன் ஏமாற்றிவிட்டதைப் பற்றி அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கதவு வழியாக அவர் செம்பில் தண்ணீர் குடிப்பது அக்காவுக்குத் தெரிந்தது. சுடுகிறது என்று கத்தினாள். வுட்டா எண்ணெ பூரா பூடும், புடி என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவள் பிடித்தாள்.

ஏன் கையை எடுக்கவில்லை என்று கேட்டேன். அக்கா யோசித்துவிட்டு, தெரியலடி என்றாள். பிறகு, சொன்னாங்களேன்னு புடிச்சினு இருந்தேன் என்றாள். பிறகு போல்ட்டைத் துணி சுற்றிச் செருகித்தான் வண்டியை இங்கே ஓட்டி வந்திருக்கிறார். அவள் மாமியார் அதற்கப்புறம் தெருவுக்கே சொன்னாளாம், வந்த வண்டியும் மரை கழண்டது, வந்த பொண்ணும் மரை கழண்டது என்று.

நான் அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும், ஒன்று விடாமல். அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவைத் தேடிப் போனாள். அப்பா வந்தார். அக்காவின் கையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். வண்டிக்கு முன்னால் குந்தி, தலையைச் சாய்த்து அடிப்பாகத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து அக்காவிடம், இதெல்லாம் வெளிய சொல்லாதம்மா, மாப்ள மானம் நம்ம மானம் என்றார். வண்டியை ஒழுங்காகச் செய்து கொடுத்துவிட்டால் இந்தப் பேச்சே இருக்காது என்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

முதலில் தானே முயன்றார். பம்ப்செட் குழாய்க்குச் செய்வது போல, போல்ட்டில் நூல் சுற்றி, பெயின்ட் தடவித் திருகினார். கொஞ்ச நாள் சொட்டு நின்றது. எஞ்சினைக் கிளப்பிப் பார்த்ததும் நூலே எண்ணெயில் ஊறி வால் மாதிரி வெளியே தொங்கியது. அதன்பின்தான் ஸ்ரீபெரும்புதூர் போய் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார்.

நடுத்தர வயசுக்காரர், ஒல்லி, காதில் எப்போதும் ஒரு பீடி. வருவதற்குள் நொந்துபோயிருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ரோட்டுக்கு ரோடு போலீஸ் நின்றது. இரும்பு ஐட்டம் வைத்திருப்பவன் என்றால் விடமாட்டார்கள். அவருடைய பையைக் கொட்டச் சொல்லி, ஸ்பேனரை ஒவ்வொன்றாகத் தார் ரோட்டில் பரப்பிக் காட்டச் சொன்னார்களாம். கோணி விரித்து வண்டியை அதன் மேல் பக்கவாட்டில் சாய்த்தார். போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். இரும்பு மரையின் இடுக்கில் வெள்ளையாக அலுமினியம் கம்பி போலச் சுற்றியிருந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. அந்தப் போல்ட்டைப் பிறகு நான் ஜாமெட்ரி பெட்டியில் வைத்திருந்தேன். வீட்டை இடித்தபோது பெட்டியோடு போய்விட்டது.

"பைப்பு போட்டு இழுத்துகீறாங்க. யாரு இத முறுக்குனது?"

கடையிலிருந்தே அப்படித்தான் வந்தது என்றார் அப்பா. மெக்கானிக் போல்ட்டைக் கோணியில் வைத்தார். எஞ்சினின் அடி அலுமினியம், போல்ட் இரும்பு, இரண்டும் மல்லுக்கட்டினால் அலுமினியம்தான் தோற்கும் என்று விளக்கினார். போன மரையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஓட்டையைப் பெரிசாக்கி, புதுசாக மரை வெட்டி, அதற்கேற்ற பெரிய போல்ட் போட வேண்டும். அந்த அளவுக்குப் போல்ட் மறைமலை நகரில் லேத் பட்டறையில் கடைந்து வாங்க வேண்டும்.

லேத்காரர் இன்று நாளை என்று இழுத்தார். வண்டி கோணியின் மேல் செத்த மாடு போலப் படுத்திருந்தது. ஆடிப்பெருக்கு வந்தது. அம்மா புளிச்சோறும் தேங்காய்ச் சோறும் கிளற, கால்வாய்க் கரைக்குப் போனோம். அக்கா இடது கையால் சாப்பிடப் பழகியிருந்தாள், அதற்கே அவளுக்குச் சிரிப்பு வந்தது. எங்கிருந்தோ கிளிகள் இறங்கின. அவள் இடது கை விரல்களை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். மொத்தக் கரையும் திரும்பிப் பார்த்தது. கல்யாணம் ஆனவ செய்யிற வேலையா இது என்று அம்மா கையில் தட்டினாள், சிரித்துக்கொண்டேதான். அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

போல்ட் வந்தது. மெக்கானிக் கையால் சுற்றும் துளைக்கருவியில் ஓட்டையைப் பெரிசாக்கினார். மரை வெட்டும் உளியில் கிரீஸை அப்பி, அரைச் சுற்று முன்னே, கொஞ்சம் பின்னே என்று பொறுமையாகத் திருகினார். சீவல் ஒன்றுகூட உள்ளே விழக்கூடாது, விழுந்தால் எஞ்சினைத் தின்றுவிடும் என்றார். வெளியே எடுக்கும்போது கிரீஸில் வெள்ளிப் பொடியாக அத்தனையும் ஒட்டிக்கொண்டு வந்தது. மண்ணெண்ணெயை ஊற்றி உள்ளே அலசினார். அக்கா வாசற்படியிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆர்வத்தைப் பார்த்தோ என்னவோ, போல்ட்டை அவளிடம் நீட்டி, நீயே போட்டுப் பாரும்மா என்றார். இடது கையால் அவள் திருகினாள். தடங்கல் இல்லாமல் அடிவரை போயிற்று.

அப்போதுதான் அவர் அந்த வலது கையைப் பார்த்தார். துணி நெகிழ்ந்திருந்தது.

"இன்னாமா கையில?"

"கஞ்சி கொட்டிச்சு."

மெக்கானிக் அந்த வட்டத்தைப் பார்த்தார். எஞ்சினின் அடியில், போல்ட் ஓட்டையைச் சுற்றி மேடாக இருக்கும் வட்டத்தைப் பார்த்தார். பீடியைக் காதிலிருந்து எடுத்தவர் பற்றவைக்காமல் திரும்ப வைத்துக்கொண்டார். புது எண்ணெய் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பும்போது அப்பாவைக் கட்டுத்தறிப் பக்கம் அழைத்துப் போனார். நான் அங்கே வறட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"வண்டிய வேணா அனுப்பு நைனா. பொண்ண கொஞ்ச நாளு வூட்லயே வெச்சிக்க."

"ஆடி முடிஞ்சா ஊரு கேக்குமேப்பா."

"ஊரா நைனா கைய வெச்சிச்சு அதுல?"

அப்பா முகம் மாறிவிட்டது. வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போகும்படி சொன்னார். அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த மாதம் எங்கள் வீட்டில் அக்காவுக்காகப் பேசியவர் அவர் ஒருவர்தான். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது.

சொல்லி அனுப்பியதும் மாப்பிள்ளை வந்தார். ஆவணி முதல் தேதி. முதலில் வண்டியிடம் போனார். சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, குந்தி உட்கார்ந்து, எஞ்சினுக்கு அடியில் ஒற்றி எடுத்துப் பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. நல்லா கீது என்றார். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பரீட்சையில் தேறிய பிள்ளை போல நின்றார். வாழையிலை போட்டு, வடை பாயசத்தோடு சாப்பாடு. மாப்பிள்ளை இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கினார்.

அக்கா சமையல் கட்டில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். அப்பா தாம்பூலம் எடுக்க உள்ளே வந்தபோது, அவர் வேட்டி ஓரத்தை லேசாகப் பிடித்தாள்.

"அப்பா, நான் இங்கயே இருக்கட்டா?"

அப்பா அவள் தலையைத் தடவினார். கோபமே இல்லை, குரல் கொஞ்சலாகத்தான் இருந்தது.

"அதான் வண்டி சரியாயிடுச்சேம்மா."

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். பிடித்துக்கொள்ள வலது கை இன்னும் முழுதாக மடங்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். புழுதி அடங்கும்வரை அப்பா ரோட்டில் நின்றார். சொட்டு விழுகிறதா என்று தரையைப் பார்த்தபடி திரும்பி வந்தார்.

அடுத்த பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கொண்டு அப்பா அவள் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தவர், வண்டி நன்றாக ஓடுவதாக மாப்பிள்ளை சொன்னார் என்று எங்களிடம் சொன்னார். அக்காவுக்கு ஒரு காது கேட்கவில்லை, கூப்பிட்டால் மறுபக்கம் திரும்புகிறாள் என்பதை அம்மாவிடம் மட்டும் சொன்னாராம். எப்படி ஆனது என்று அவர் அங்கே கேட்கவில்லை.

சித்திரையில் ஒரு நாள் அக்கா அந்த வீட்டை விட்டுப் போய்விட்டாள். இங்கே வந்தாளா என்று கேட்டு அவர்கள் ஆள் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரியும். எவனோடோ ஓடிவிட்டாள் என்று அவர்கள் ஊரில் பேசினார்கள், எங்கள் ஊரும் அதையே பேசியது. எந்த ஊர் வாய்க்குப் பயந்து அவளை அனுப்பினோமோ, அந்த வாய் எப்படியும் பேசியது. மாப்பிள்ளை அந்த வருஷமே வேறு கல்யாணம் செய்துகொண்டார். அந்தச் சிவப்பு வண்டியை அவர் வெகுகாலம் ஓட்டினார். நான் கம்பெனி பஸ்ஸில் போன காலத்தில்கூட ஒரு தரம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீங்கள் யாராவது பக்கத்து சீட்டில் இருந்திருக்கலாம்.

அப்பா தேடாமல் இல்லை. வேலூர், ஆம்பூர் என்று போவார். தோல் கம்பெனி கேட்டில் ஷிஃப்ட் முடிந்து பெண்கள் கூட்டமாக வெளியே வரும் நேரம் பார்த்து நிற்பார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, கடைசி பஸ் பிடித்து வந்து, சாப்பிடாமல் படுப்பார். ஏன் வேலூர்ப் பக்கமே போகிறார் என்று நாங்கள் கேட்டால் சொல்ல மாட்டார். நிலத்தைக் கம்பெனிக்கு எடுத்தபோது மற்றவர்கள் போல அவர் சண்டை போடவில்லை, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அக்கா கிடைக்கவில்லை. இன்றுவரை இல்லை.

அப்பா இறந்து வெகு நாள் கழித்து அம்மா ஒன்று சொன்னாள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை விற்ற கிழவி ஒருத்தி, அக்கா வீட்டை விட்டுப் போன அன்று அவளைப் பார்த்திருக்கிறாள். அப்பா விசாரித்தபோது, அக்கா வேலூர் பஸ் ஏறியதைச் சொன்னாளாம். அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லியிருக்கிறாள். அதை அப்பா அம்மாவிடம் மட்டும், அதுவும் சாகக் கிடந்தபோதுதான் சொன்னார். அக்கா முதலில் எங்கள் ஊர் பஸ்ஸில்தான் ஏறி உட்கார்ந்தாளாம். ஜன்னலோரம், மடியில் பையோடு. பஸ் கிளம்பும் நேரம் கண்டக்டர் வந்து, எங்கம்மா போவணும் என்று கேட்டிருக்கிறார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாளாம். பிறகு பதில் சொல்லாமல் எழுந்து இறங்கிவிட்டாளாம்.